இருபது நொடி எலுமிச்சை

த்ரியெஸ்தே துறைமுகத்தின் ஏழாம் கிடங்கில்
பத்தொன்பது வருடம்
காப்பிக் கொட்டையை மோந்து பார்த்துச்
சம்பளம் வாங்கியவள் நீவெஸ்.
ஒரு பிடி பச்சைக் கொட்டையை உள்ளங்கையில் தேய்த்து
மூட்டை கப்பலில் நனைந்ததா,
பக்கத்தில் மிளகு ஏற்றியிருந்தார்களா
எல்லாம் சொல்லிவிடுவாள்.
பந்தயம் கட்டித் தோற்றவர்கள் உண்டு.

மார்ச்சில் காய்ச்சல், ஆறே நாள்.
ஏப்ரலில் ஒன்றுமே இல்லை,
உலகத்தைக் கண்ணாடி போட்டு மூடியதுபோல்.
ஜூனில் வாசனை திரும்பி வந்தது,
வேறு யாரோவாக.

காப்பி என்றால் முடி கருகும் நெடி.
கீழ்வீட்டில் வெங்காயம் வதங்கினால்
சாக்கடையில் ஊறிய கோணி
படியேறி வந்து கதவைத் தட்டும்.
முட்டையைப் பற்றிப் பேச வேண்டாம் என்கிறாள்.
கொடியில் துணிக்கு மாட்டும் கிளிப்பை
மூக்கில் மாட்டிக்கொண்டு சமைக்கிறாள்.
ஆறிய பாஸ்தா, வெள்ளரி, பனிக்கட்டி.
சாப்பிடவில்லை, பெட்டியை நிரப்புகிறேன் என்பாள்.
கிடங்கில் இப்போது ரசீது எழுதும் வேலை.

லிவியோவின் கழுத்து.
அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை.
இருபத்தாறு வருடம் முகம் புதைத்துத் தூங்கிய இடத்தில்
ஈர அட்டைப்பெட்டி, அழுகிய பூண்டு.
அவன் சோப்பை மாற்றினான். மறுபடி மாற்றினான்.
குளியலறைத் தட்டில் ஐந்து சோப்புகள்,
ஒவ்வொன்றும் ஒரே ஒருமுறை நனைந்து.
பிறகொரு ராத்திரி
தலையணையைத் தூக்கிக்கொண்டு
என் குறட்டை உனக்குத் தொந்தரவு என்று
கூடத்துக்குப் போனான்.
அவனுக்குக் குறட்டை கிடையாது.

நாற்றம் என்றால் முன்பு
நம் மொழியில் நறுமணம்.
எந்த நூற்றாண்டின் காய்ச்சலில்
அந்தச் சொல் முகம் திருப்பிக்கொண்டதோ.
அதற்கு யாரும் மருந்து கொடுத்ததாகத் தெரியவில்லை.

மருத்துவர் இவளுக்கு நாலு சீசா கொடுத்தார்.
ரோஜா, கிராம்பு, யூகலிப்டஸ், எலுமிச்சை.
காலையும் மாலையும்
சீசாவுக்கு இருபது நொடி.
மோந்துகொண்டே நினைத்துக்கொள்ளுங்கள்,
எலுமிச்சை எப்படி இருந்தது என்று.
பிணவறையில் நிறுத்தி
இவர்தானா, நன்றாகப் பாருங்கள்
என்று கேட்பதுபோல் இருந்தது அவளுக்கு.

இதற்குள்ளும் ஒரு கூத்து.
மேல்மாடி ஸ்டென்காவின் கைக்குழந்தை
அரைத்துணியை நிரப்பும்போதெல்லாம்
நீவெஸுக்கு மட்டும்
அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த பாதாம் கேக்.
பெற்றவளே மூக்கைப் பொத்திக்கொள்ள
இவள் குனிந்து ஆழமாக மூச்சிழுக்கிறாள்.
கூச்சம்தான்.
ஆனாலும் நாலு மணியானால் மாடியேறிவிடுகிறாள்.
உனக்குக் கூலி கொடுக்கட்டுமா என்று ஸ்டென்கா கேட்க
இருவரும் சிரித்துச் சிரித்து,
சிரிப்பின் கடைசிப் படியில் இவள் வழுக்கி
அழுதுவிட்டாள்.
குழந்தை தன் கட்டைவிரலைத் தானே பிடித்து
ஆராய்ந்துகொண்டிருந்தது.

பிப்ரவரியில் போரா அடித்தது.
மேட்டிலிருந்து இறங்கி
ஊரைத் துடைத்துக் கடலில் கொட்டும் காற்று.
குப்பைத்தொட்டிகள் தெருவில் ஓடின.
தபால்காரர் விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டார்.
படகுத்துறை முனையில்
அவள் பறந்துவிடாமல்
கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான் லிவியோ.
மீனுக்கு வாசனை இல்லை. டீசலுக்கு இல்லை.
எதற்கும் இல்லை.
எட்டு மாதத்துக்குப் பின்
அவன் கழுத்தில் முகத்தை வைத்தாள்.
குளிர். சவரம் செய்யாத முள்.
அவ்வளவுதான், அது போதுமாயிருந்தது.
அவன் ஏதோ சொன்னான்,
காற்று கொண்டுபோய்விட்டது.

மறுநாள் காற்று இல்லை.
நாலாவது சீசா.
பதினேழு, பதினெட்டு.
எலுமிச்சை என்று சொல்ல முடியாது.
அடுத்த தெருவில் யாரோ எலுமிச்சையை நறுக்கி,
கத்தியைக் கழுவி,
சன்னலையும் சாத்திவிட்டதுபோல்.
நோட்டில் எழுதினாள்:
இருநூற்று மூன்றாம் நாள். கத்தி.

கீழே
தெருமுனையில் காப்பி குடித்துவிட்டு வந்த லிவியோ
முற்றத்துக் குழாயில்
வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தான்,
சத்தம் வராமல்.